சிகரட்ட நிப்பாட்டுன மொத நாளுக, நைட் வேல, குளிரு, பிளேன்டீ: எப்பிடி தாண்டுறது?

ஸ்டோர்_தம்பி, தலவாக்கலை

எல்லாருக்கும் வணக்கம். நான் தலவாக்கலை பக்கம் ஒரு தேயில ஸ்டோர்ல, அதான் ஃபேக்டரில, எல காய வைக்கிற ட்ரையர்ல வேல செய்றேன், அனேகமா நைட் தான். ஸ்கூல் விட்ட காலத்துல இருந்து சிகரட் குடிக்கிறேன், இப்ப ஞாயித்துக்கெழமையோட நிப்பாட்டிட்டேன். காரணம் என் மகள். இன்னும் ரெண்டு வயசு ஆகல, வீசிங் வந்து வந்து போவுது, போன மாசம் ராத்திரியில ஓட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம், அங்க நர்ஸ் மிஸ் கேட்டாங்க வீட்ல யாரு சிகரட் குடிக்கிறதுன்னு. நான் வாசல்ல நின்னு தான் குடிக்கிறது, ஆனா தோட்டத்து லயத்து வீடு, வரிசையா ஒட்டிக் கட்டுன சின்ன வீடு தெரியும் தானே, குளிருக்கு ஜன்னல் எல்லாம் சாத்தியே கெடக்கும், தொறந்திருக்கிறது அந்த ஒரு கதவு தான், பொகை நேரா உள்ளுக்கு தான் போவும். சட்டைலயும் அந்த வாசம், அதோட தான் புள்ளைய தூக்குறது.

இப்ப பிரச்சின என்னன்னா பகல்ல ஒரு மாதிரி சமாளிச்சிடுறேன், நைட்ல ஏலாம இருக்கு. டீ டைமுக்கு எல்லாரும் வெளிய வந்து நிப்பாங்க, பனி கொட்டும், கைல சூடா பால் இல்லாத பிளேன்டீ, பக்கத்துல நாலு பேரு பத்த வைப்பாங்க, அந்த நேரம் கை நடுங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது. தலவலி வேற. காலைல வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கமும் வருதில்ல, சும்மா சும்மா கோவம் வருது, சம்சாரத்துக்கிட்ட எரிஞ்சு விழுறேன். நிப்பாட்டுன பொறகு தான் இருமலும் கூடியிருக்கு, சளி சளியா வருது. கூட வேல செய்ற அண்ணே ஒருத்தர், ஒடம்புக்கு பழகுனத திடீர்னு விட்டா நெஞ்சு கெட்டுரும், கொஞ்சம் கொஞ்சமா கொறச்சுக்கன்னு சொல்றாரு. இன்னொருத்தர் வெத்தல போடச் சொல்றாரு. குளிருக்கு ஒரு சிகரட் அடிச்சா தான் ஒடம்பு சூடாவும்னு எல்லாருமே சொல்றது. இது எத்தன நாளைக்கு இப்பிடி இருக்கும்? விட்டவங்க, வெவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.


லொறி_மாமா, நானுஓயா

தம்பி, மொதல்ல ஒன்னு சொல்றேன், நீங்க இருக்கிறது தான் இருக்கிறதுலயே கஷ்டமான எடம். மொத ரெண்டு மூனு நாள் தான் உச்சம், அதுக்கு பொறகு எறங்கத் தொடங்கும், யாரும் சும்மா ஆறுதலுக்கு சொல்ற கத இல்ல இது. நான் நுவரெலியால இருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்துன ஆளு, ராவுல தான் ஓட்டம், தூக்கம் வராம இருக்கன்னு சொல்லி சொல்லியே பெக்கட் பெக்கட்டா ஊதுன ஆளு. விட்டு இப்ப பல வருசம் ஆச்சு.

எனக்கு ஒதவுனது என்னன்னா, அந்த ஆச வர்ற நேரத்த எதுத்து சண்ட புடிக்காம கடத்தி விடுறது. ரம்பொடைல எறங்கும்போது திடீர்னு பனி வந்து ரோட்ட மூடும், ஒன்னுமே தெரியாது, ஆனா ஓரமா நிப்பாட்டி லைட்ட போட்டுட்டு கொஞ்சம் பொறுத்தா அதுவா வெலகிப் போயிரும், இந்த ஆசையும் அப்பிடித்தான், அஞ்சு பத்து நிமிசத்துக்கு மேல அதே வேகத்துல நிக்காது. அந்த நேரத்துக்கு கைக்கும் வாய்க்கும் ஒரு வேல குடுத்தா போதும். நான் கராம்பு ரெண்டு வாய்ல அடக்கிக்குவேன், இல்லன்னா இஞ்சித் துண்டு, லொறிய விட்டு எறங்கி டயர் எல்லாத்தையும் ஒரு சுத்து தட்டிப் பாத்துட்டு வருவேன். கச்சான் வேணாம், அது பெக்கட் பெக்கட்டா போவும்.

டீ டைமுக்கு அந்த நாலு பேரு பக்கத்துல போய் நிக்காதீங்க தம்பி. இந்த ஒரு மாசத்துக்கு மட்டும். கோவிச்சுக்குவாங்கன்னு நெனைக்காதீங்க, வாய தொறந்து சொல்லுங்க, மகளுக்கு வீசிங், நான் விட்டுட்டேன், எனக்கு நீட்டாதீங்கன்னு. நம்மாளுக புள்ள விசயம்னு சொன்னா கேப்பாங்க. நான் விட்டப்ப என் கிளீனர் பையன் சொல்லாமலே எனக்கு முன்னுக்கு குடிக்கிறத நிப்பாட்டுனான், அவன இன்னைக்கும் மறக்க மாட்டேன்.


பதுளை_மிஸ்

நான் நர்ஸ், மெடிக்கல் வாட்ல வேல. தம்பி கேட்டதுக்கு ஒன்னொன்னா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் மன்னிக்கணும்.

கை நடுக்கம், தலவலி, கோவம், தூக்கமின்மை எல்லாம் நிகொட்டின் கெடைக்காததால வர்றது. நிகொட்டின் ரத்தத்துல கிட்டத்தட்ட ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாதியா கொறையும், அதனால தான் குடிக்கிறவங்களுக்கு அடுத்தது அடுத்ததுன்னு கேட்டுக்கிட்டே இருக்குது. லொறி மாமா சொன்னது சரி, மொத ரெண்டு மூனு நாள்ல தான் கூட, பொறகு ரெண்டுல இருந்து நாலு கெழமைக்குள்ள பெரும்பாலும் அடங்கிரும். பசி மட்டும் கொஞ்ச காலம் கூடுதலா இருக்கும். சில பேருக்கு மலச்சிக்கல் வரும், தண்ணியும் பழமும் கூட எடுங்க.

இருமலுக்கு பயப்படாதீங்க. மூச்சுக்கொழாய்ல சளிய மேல தள்ளி விடுற சின்னச் சின்ன முடி மாதிரி இருக்கு, பொகை அத வேல செய்ய விடாம வச்சிருந்துச்சு, இப்ப அது திரும்ப வேல செய்யத் தொடங்குது, அதான் சளி வெளிய வருது. நெஞ்சு கெடல தம்பி, சுத்தமாவுது. ஆனா சளில ரத்தம் வந்தாலோ, இருமல் வாரக்கணக்கா நிக்காம இருந்தாலோ கட்டாயம் டொக்டர்கிட்ட காட்டணும்.

குளிருக்கு சிகரட் குடிச்சா சூடாவும்ங்கிறது முழுக்க தப்பு, இத நான் வாட்ல தெனமும் சொல்றேன். நிகொட்டின் தோலுக்குப் போற ரத்தக் கொழாய சுருக்குது, அதனால வெரல் நுனி எல்லாம் இன்னும் குளிரும். பத்த வச்ச நெருப்பும் கைல இருக்கிற டீயும் தான் சூடு, சிகரட் இல்ல. டீ டைமுக்கு வெளிய வரும்போது ஜம்பர், தொப்பி, கைக்கு ஒரு கையுற போட்டுக்கிட்டு வாங்க, அந்த குளிர் நடுக்கம் இருந்தாலே ஆச வந்த மாதிரி தோணும்.

அடுத்தது நம்ம மலைநாட்டு ஆளுங்க யாருக்கும் தெரியாத ஒன்னு. சிகரட் பொகைல இருக்கிற சில சாமான், ஈரல் கஃபீன வேகமா கழிச்சு விடுற மாதிரி செய்யும். சிகரட்ட விட்டதும் அந்த வேகம் கொறைஞ்சிரும், ஆனா நீங்க குடிக்கிற பிளேன்டீ கொறையல, அப்ப அதே அளவு டீக்கு ஒடம்புல கஃபீன் கூடுதலா தங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராதது, இதுல பாதி தேயிலச் சாயம் செய்ற வேலயா இருக்கலாம். ஸ்டோர்ல வேல செய்றவங்க எவ்வளவு கடுமையா ஊத்திக் குடிப்பீங்கன்னு எனக்கு தெரியும். நைட்டுல மொத டீ மட்டும் குடிங்க, அதுவும் எளசா, பிந்தி வர்றதுக்கு கொத்தமல்லித் தண்ணி, இல்லன்னா சாயம் போடாம வெறும் இஞ்சித் தண்ணி. படுக்கப் போறதுக்கு முந்தின நாலஞ்சு மணித்தியாலம் டீயே வேணாம்.

கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கிறது பத்தி: 2016ல இங்கிலாந்துல கிட்டத்தட்ட 700 பேர ரெண்டா பிரிச்சு பாத்தாங்க. ஒரே நாள்ல விட்டவங்கள்ல 49 சதவீதம் பேர் நாலு கெழமைக்கு பொறகும் குடிக்காம இருந்தாங்க, கொறைச்சு கொறைச்சு விட்டவங்கள்ல 39 சதவீதம் தான். ரெண்டு பக்கத்துக்கும் தோல்ல ஒட்டுற நிகொட்டின் பெட்ச் மாதிரி ஒதவி குடுத்துத்தான் பாத்தது. நீங்க விட்டாச்சு, திரும்ப கொறைக்கிறதுக்குன்னு ஒன்னு ரெண்டு தொடங்காதீங்க.

ஒதவி வேணும்னா பாமசில நிகொட்டின் சூயிங்கம் கேளுங்க, சின்ன டவுன்ல இல்லன்னா கண்டி மாதிரி பெரிய எடத்துல. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம்னு ரெண்டு இருக்கு. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள்ள மொத சிகரட் குடிச்ச ஆளுன்னா 4. இத சாதாரண சுவிங்கம் மாதிரி சப்பிக்கிட்டே இருக்கக் கூடாது, மெதுவா சப்பி வாய்ல ஒரு காரம் தெரிஞ்சதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும், காரம் போனதும் திரும்ப சப்பணும், அரை மணித்தியாலம் மட்டும் அப்பிடி. அதுக்கு கால் மணித்தியாலம் முந்தியும் வாய்ல இருக்கும்போதும் டீயோ புளிப்பு ஜூஸோ குடிச்சா மருந்து சரியா ஏறாது. நெஞ்சு வருத்தம் இருந்தா டொக்டர்கிட்ட கேட்டுட்டு தான். இத வாசிக்கிற மத்தவங்களுக்கும் ஒன்னு, வீசிங்குக்கு தியோபிலின் குளிசை குடிக்கிறவங்க சிகரட்ட விட்டா டொக்டருக்கு கட்டாயம் சொல்லணும், அந்த மருந்தும் ஒடம்புல கூடிரும், அளவு கொறைக்க வேண்டி வரும்.

வெத்தல வேணவே வேணாம் தம்பி. போயில போட்டா அதே நிகொட்டின் தான், போயில இல்லாட்டியும் பாக்கே கேன்சர் உண்டாக்குற சாமான். நம்ம நாட்ல ஆம்பளைங்களுக்கு ஆகக் கூடுதலா வர்ற கேன்சர் வாய்ல வர்றது தான். வாயத் தொறக்க ஏலாம சோத்த கரைச்சு குடிக்கிற ஆளுங்கள நான் பாத்திருக்கேன், அனேகமா தோட்டத்து ஆளுங்க தான், மனசு தாங்காது.


பண்டாரவளை_அக்கா

நான் விட்ட ஆளு இல்ல, விட்டவரோட சம்சாரம். தம்பி, ஒங்க வீட்ல இத வாசிக்கக் குடுங்க, இல்லன்னா நீங்களே எடுத்துச் சொல்லுங்க. எங்க வீட்ல அவரு விட்ட நேரம் தட்டு போட்டு ஒடைக்கிற அளவுக்கு கோவம் வந்துச்சு, எனக்கு ஒன்னும் வெளங்கல, என் மேல தான் வெறுப்புன்னு நெனச்சேன். கிளினிக்ல சொல்லித்தான் தெரியும் அது மருந்து எறங்குற மாதிரி ஒன்னுன்னு. அதுக்கு பொறகு அவரு கோவப்பட்டா நான் பதில் சொல்றதில்ல, சும்மா வெளிய போயிட்டு வாங்கன்னு சொல்லுவேன், அவரு தோட்டத்துப் பக்கம் ஒரு சுத்து நடந்துட்டு வருவாரு, வந்து அவரே பேசுவாரு. மொதலே சொல்லி வச்சா பொம்பளைங்க தாங்கிக்குவோம் தம்பி, சொல்லாம எரிஞ்சு விழுந்தா தான் மனசு ஒடையுது.

இன்னொன்னு, கம்பளி, ஜம்பர், தொப்பி எல்லாத்தையும் ஒரு வெயில் நாள் பாத்து அலசிக் காயப் போடுங்க. புள்ளைக்கும் நல்லது, அந்த வாசம் மூக்குல ஏறினாலே அவருக்கு ஆச வரும்னு சொல்லுவாரு.


ஸ்டோர்_தம்பி, தலவாக்கலை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னத நேத்தே வீட்ல பேசிட்டேன், அவ அழுதுட்டா. டீய கொறச்சேன், நெஜமாவே நடுக்கம் கொறைஞ்ச மாதிரி இருக்கு, மிஸ் சொல்லாட்டி எனக்கு எங்க தெரியப் போவுது.

ஆனா மிஸ், சூயிங்கம் எனக்கு சரி வராது, ஸ்டோருக்குள்ள வாய்ல எதையும் சப்ப விட மாட்டாங்க, தேயில சுத்தம் பாக்க வெளிநாட்டுக்காரங்க எல்லாம் வருவாங்க, புடிச்சா வேல போயிரும். கராம்பும் அதே கத தான். வேற வழி இருக்கா? அதோட ராத்திரில சில நேரம் நெஞ்ச அழுத்துற மாதிரி இருக்கு, இதுவும் விட்டதால தானா?


பதுளை_மிஸ்

அப்ப ஒங்களுக்கு பெட்ச் தான் சரி. கைல மேல் பக்கம் இல்லன்னா நெஞ்சுல, முடி இல்லாத, எண்ணெ கிண்ணெ பூசாத காஞ்ச எடமா பாத்து ஒட்டணும், அடுத்த நாள் வேற எடத்துல. உள்ளுக்கு இருக்கிறது யாருக்கும் தெரியாது, தேயிலைக்கும் ஒன்னும் ஆகாது. ஒரு நாளைக்கு பத்துக்கு மேல குடிச்ச ஆளுன்னா பொதுவா 21 மில்லிகிராம்ல தொடங்குவாங்க, கொறவுன்னா 14. நீங்க பகல்ல தூங்குற ஆளு, கெட்ட கனவு, தூக்கம் கெடுறது இருந்தா படுக்கப் போகும்போது கழட்டிட்டு வேலைக்கு கெளம்பும்போது புதுசு ஒட்டுங்க. கழட்டுனத மடிச்சு புள்ள கைக்கு எட்டாம போடணும், இது ரொம்ப முக்கியம், அதுல மிச்சம் இருக்கிற நிகொட்டினே சின்னப் புள்ளைக்கு வெசம்.

நெஞ்ச அழுத்துறது விட்டதால இருக்கலாம், ஆனா அத நான் இங்க இருந்து சொல்லக் கூடாது. பெட்ச் வாங்க முந்தி நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு போய் ஈசிஜி ஒன்னு எடுத்துட்டு டொக்டர்கிட்ட கேளுங்க, ஓபிடில காசில்லாம எடுக்கலாம், நிகொட்டின் பத்தியும் அங்கேயே பேசலாம். அழுத்தம் கூடி இடது கைக்கோ தாடைக்கோ எறங்கினா, வேர்த்துக் கொட்டினா, வேல முடியட்டும்னு பாக்காம ஒடனே 1990க்கு கோல் பண்ணுங்க, அம்புலன்ஸ் இலவசம். மனசு ரொம்ப விழுந்து போன மாதிரி இருந்தா 1926, அது மனநல ஒதவி நம்பர். சிகரட்ட விடுறது பத்தி பேசணும்னா 1948, அது மதுசாரம் புகையில அதிகாரசபையோட நம்பர்.


ராகலை_பொடியன்

அண்ணே, இத்தன பேரு சொன்னதுல சல்லி விசயத்த யாரும் சொல்லல. நம்ம ஆளுங்க ஆயிரம் ரூவா நாள் சம்பளம் கேட்டு எத்தன வருசம் ரோட்ல நின்னாங்க, 2021ல தான் கெடச்சுச்சு. இன்னைக்கு ஒரு சிகரட் நூறு ரூவாய்க்கு மேல. எங்கப்பா கணக்குக் கொப்பில கடன் எழுதி எழுதியே குடிச்ச ஆளு, சம்பள நாளன்னைக்கு கடைக்கு பாதி போயிரும், எங்க ஸ்கூல் சாமான் அதுக்கு பொறகு தான்.

அதனால ஒன்னு செய்ங்க, இன்னைக்கே கடை அண்ணன்கிட்ட போய் ஒங்க பேர்ல சிகரட் மட்டும் எழுத வேணாம்னு சொல்லி வச்சிடுங்க, எங்கம்மா அப்பிடித்தான் செஞ்சாங்க. ஒன்னொன்னா கடனுக்கு எடுக்க ஏலாதுன்னு தெரிஞ்சா ராத்திரி போற வழில கால் அங்க திரும்பாது. அந்த சல்லிய தனியா ஒரு டின்ல போட்டு வைங்க, பாப்பா கிளினிக் போற ஓட்டோ காசுக்கு ஆவும். ஈசிஜி எடுத்துட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு இங்க எழுதுங்க அண்ணே, பாத்துக்கிட்டு இருப்போம்.