ஊருக்கே தண்ணீர் நின்ற நாளில் என் அடுப்படிக் குழாயில் மட்டும் வந்தது

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா. பழையவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள் நான். 2011இல் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், ஒரு பழைய வீட்டை வாங்கிக்கொண்டு வந்தோம்.

சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பெரிய ஆலைகள் நம் பக்கம்தான் இருக்கின்றன. இங்கிருந்து கோலாலம்பூர் வரை போகிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, வந்த நாளிலிருந்து நான் குழாய்த் தண்ணீரை வாயில் வைத்ததில்லை. காலையில் குழாயைத் திறந்தால் கடுந்தேநீரில் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு நிறம். மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் திட்டுத் திட்டாகக் கறை. அதனால் கடை வாசலில் இருக்கும் மெஷினில் காசு போட்டுக் கேனில் பிடித்து வருவேன். விருந்தாளி வந்தால் பாட்டில் தண்ணீர்.

போன மாதம் மகனுக்கு வயிற்றுப்போக்கு. கிளினிக்கில் டாக்டரம்மா என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். மெஷின் தண்ணீர் என்றேன். "கேனை எப்படிக் கழுவுறீங்க?" என்று அடுத்த கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கேனின் அடி மடிப்பில் பச்சையாக, வழவழவென்று ஒரு படலம். விரலால் தேய்த்தேன், விரலோடு வந்தது. நோய் அதனால்தான் வந்தது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. ஆனாலும் என் கையால் ஊற்றிக் கொடுத்த தண்ணீர் அல்லவா, அன்று இரவு தூக்கமே வரவில்லை.

சரி, கேனை மாற்றிவிட்டேன். குழாய்த் தண்ணீர்தான் புரியவில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு நிறமில்லாமல் வருகிறது. அதே தெரு, அதே மெயின் பைப். இத்தனைக்கும் என் வீட்டுக் குழாயை ராசியானது என்று நினைத்தவள் நான். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்து, நான்கு ஆலைகளை நிறுத்தி, ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போனதே, அப்போது தெருவே வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்திருந்தது. என் அடுப்படிக் குழாயில் மறுநாள் மாலை வரை வந்தது. அக்காவுக்கு இரண்டு வாளி பிடித்துக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஆனதுண்டா? என்ன செய்தீர்கள்?

*

தங்கச்சி, தோட்டத்தில் 31 வருடம் பைப் வேலை பார்த்தவன் நான். நீ கடைசியாகச் சொன்னதிலேயே விஷயம் இருக்கிறது. ஊருக்கே தண்ணீர் நின்றால் அடுப்படிக் குழாய்தான் முதலில் நிற்க வேண்டும். அது மீட்டரிலிருந்து நேராக வருவது. குளியலறைக்குத்தான் டேங்க் தண்ணீர். உன் அடுப்படியில் மறுநாள் வரை வந்தது என்றால், முன்பு இருந்தவர் யாரோ வீட்டை இடித்துக் கட்டும்போது அதையும் டேங்கோடு சேர்த்துவிட்டார். மீட்டர் பக்கத்து வால்வை அடைத்துவிட்டு அடுப்படிக் குழாயைத் திறந்து பார், தண்ணீர் நிற்காவிட்டால் அது டேங்கிலிருந்துதான் வருகிறது. அப்புறம் மேலே ஏறி டேங்கையும் பார்.

ஆலையில் குளோரின் போடுவது, வருகிற வழியிலும் கிருமி வளராமல் இருக்கத்தான். நம் குழாய்க்கு வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். டேங்கில் நாள்கணக்காகக் கிடந்தால் அது போய்விடும். குளோரின் வாடை என்று முகம் சுளிக்கிறவர்கள் அதிகம். ஒரு ஜாடியில் பிடித்துத் திறந்து வைத்தால் வாடை அடங்கிவிடும். வாடையே இல்லாத வீட்டைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

நிறம் பெரும்பாலும் இரும்பு. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம்தான் அளவு, தாண்டினால் துணியில் கறை பிடிக்கும். பழைய ஜிஐ பைப்பை, அந்த இரும்புக் குழாயை, அறுத்துப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் போகிற ஓட்டையில் துரு கட்டிக்கட்டி, சுண்டுவிரல்கூட நுழையாது. ராத்திரி முழுக்க அதில் நின்ற தண்ணீரைத்தான் நீ காலையில் பிடிக்கிறாய். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இரும்பு போகாது. பைப்பை மாற்றும்வரை முதல் வாளியைச் செடிக்கு ஊற்று.

*

அண்ணே, உங்களுக்காவது மீட்டர் இருக்கிறது. நான் இன்னும் லயத்தில்தான் இருக்கிறேன். செம்பனைத் தோட்டம். எங்கள் டிவிஷனுக்குத் தோட்டமே பம்ப் வைத்துத் தண்ணீர் தருகிறது. மழை பெய்தால் செம்மண் நிறம், இரண்டு நாள் வாளியில் நிறுத்தித் தெளிய வைப்போம். 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்தில் மாதம் 60 வெள்ளி பாட்டில் தண்ணீருக்குப் போகிறது. அதுவும் குடிக்க மட்டும்தான். சோறு பொங்குவது வாளித் தண்ணீரில்.

1990ஆம் ஆண்டு சட்டம் 446, தோட்ட வீடுகளுக்கு முதலாளி போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. அதைச் சொல்லி எழுதி, 14 குடும்பம் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்தோம். ஆபீஸ் குமாஸ்தா கிராணி வாங்கி வைத்தார். மூன்று மாதம் ஆகிவிட்டது.

*

பாட்டில் வாங்குகிறவர்கள் லேபிளைப் படித்து வாங்குங்கள். 'ஆயர் மினரல்' என்றால் நிலத்தடியிலிருந்து எடுத்தது, தாதுக்கள் அதிலேயே இருக்கும். 'ஆயர் மினுமான்' என்றால் சுத்திகரித்த குடிநீர். என் பெரியம்மா டாக்டர் சொன்னார் என்று தேடித்தேடி மினரல் வாங்கினார், இரண்டு வருடமாக வாங்கியது இரண்டாவது வகை.

*

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வால்வை அடைத்துப் பார்த்தோம். அடுப்படிக் குழாய் நிற்கவே இல்லை. நீங்கள் சொன்னதுதான்.

வீட்டுக்காரர் சீலிங் பலகையை நகர்த்தி மேலே ஏறினார். டேங்க் மூடி ஒரு பக்கம் விலகிக் கிடந்ததாம். போனில் படம் எடுத்துக் காட்டினார். அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் காப்பித்தூள் மாதிரி வண்டல், ஓரத்தில் செத்து வெளுத்த ஒரு பல்லி. இத்தனை வருடம் இந்தத் தண்ணீரில்தான் அரிசி களைந்தேன், பிள்ளை பல் தேய்த்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டேங்கைக் கழுவி மூடியைக் கம்பியால் கட்டியாயிற்று. பைப்காரரை வைத்து மீட்டரிலிருந்து அடுப்படிக்கு நேராகப் புதுப் பைப் இழுத்தோம், 280 வெள்ளி ஆனது. நேற்றுக் காலை முதல் தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் பிடித்தேன். அடியில் இருக்கும் நீலப் பூ தெளிவாகத் தெரிந்தது. மகனிடம் நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "நீச்சல் குளம் மாதிரி வாடை அடிக்குதும்மா" என்றான். அப்படியே திறந்து வைத்து, பிறகு கொதிக்க வைத்துக் கொடுத்தேன்.

லயத்துத் தம்பி, கொடுத்த கடிதத்தின் நகல் இருக்கிறதா? இருந்தால் எடுத்து வை. புதன்கிழமை எனக்கு லீவு. தொழிலாளர் இலாகாவுக்கு நானும் உங்களோடு வருகிறேன். வாளியில் தெளிய வைக்காத தண்ணீர் ஒரு பாட்டிலும் கொண்டு வா.