பழைய வானியல் பைப்லைன் புதிய கணினியில் ஓடவில்லை. ஓட வைத்தால் விடை மாறுகிறது

கேள்வி

வணக்கம். எங்கள் குழுவில் ஆர்ஆர் லைரே மாறு விண்மீன்களுக்காக எழுதிய பைதான் பைப்லைன் ஒன்று இருக்கிறது. சிசிடி படங்களைத் திருத்தி, செப் நூலகத்தை வைத்து விண்மீன்களைக் கண்டுபிடித்து ஒளி அளக்கும். பிறகு லாம்ப்-ஸ்கார்கிள் முறையில் அலைவுக் காலம், அதிலிருந்து தொலைவு, கடைசியாக ஒவ்வொரு விண்மீனும் பால்வெளியின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று ஓர் அட்டவணை. எழுதிய சீனியர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த அட்டவணை ஏற்கெனவே கட்டுரையில் வெளிவந்ததுதான். புதிய விண்மீன்களைச் சேர்ப்பதற்கு முன்னால், பழைய அட்டவணையை அப்படியே மறுபடி எடுத்துக் காட்டு என்கிறார் நெறியாளர்.

தேவையான பைதான் நூலகங்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பில் இருப்பது இவ்வளவுதான்: நம்பை >=1.16, ஆஸ்ட்ரோபை >=3.0, சைபை, அப்புறம் செப்-க்கு மட்டும் ஒரு பழைய பதிப்பு எண் ==போட்டுக் கட்டியிருக்கிறது.

பைதான் 3.10-இல் பிப் என்ற நிறுவும் கருவியால் நிறுவினேன். நிறுவும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஓட்டினால் செப்-ஐ இம்போர்ட் செய்யும் வரியிலேயே நிற்கிறது. நம்பை டிடைப்பின் (தரவு வகையை விவரிக்கும் கட்டமைப்பு) அளவு மாறியிருக்கிறது, பைனரி பொருந்தாமல் இருக்கலாம், சி ஹெடரின்படி எதிர்பார்த்தது 96, கிடைத்தது 88 என்று பிழைச் செய்தி வருகிறது. எங்கே தொடங்குவது?

பதில் 1

அந்த இரண்டு எண்களே காரணத்தைச் சொல்கின்றன. 64 பிட் கணினியில் நம்பை 1.x-இன் டிடைப் கட்டமைப்பு 96 பைட். நம்பை 2-இல் அது 88 ஆகச் சுருங்கியது. ஆக, உங்கள் செப் பழைய நம்பையை வைத்துக் கம்பைல் ஆனது, இப்போது ஓடுவது நம்பை 2-இன் மேல். 2024 ஜூனில் 2.0 வந்தபோது இந்த பைனரி ஒப்பந்தத்தைத் தெரிந்தேதான் முறித்தார்கள். மேல் வரம்பு இல்லாமல் >=1.16 என்று எழுதியிருப்பதால் பிப் இருப்பதிலேயே புதியதை எடுத்துவிட்டது. செப் மட்டும் பழைய இடத்தில் கட்டுண்டு கிடக்கிறது.

இப்போதைக்கு நம்பைக்கு <2 என்று வரம்பு போடுங்கள், இம்போர்ட் ஆகிவிடும். ஆனால் அத்தோடு விடை பழையபடி வரும் என்று நம்பிவிடாதீர்கள். ஓடினதும் அட்டவணையைப் பழையதோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

கேட்டவர்

ரொம்ப நன்றி, ஓடுகிறது. நீங்கள் சொன்னபடியே விடையில் சிக்கல்.

அலைவுக் காலமும் ஒளியளவும் கடைசி இலக்கங்கள் தவிர ஒத்துப்போகின்றன. சூரியனிலிருந்து தொலைவும் சரி. ஆனால் மையத்திலிருந்து தொலைவு மட்டும் எல்லா விண்மீன்களுக்கும் மாறுகிறது. சிலவற்றுக்கு கிட்டத்தட்ட 0.18 கிலோபார்செக் (1 கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு), சிலவற்றுக்குக் குறைவு. நிரலில் ஒரு வரிகூட நான் தொடவில்லை.

பதில் 2

ஒரு கேள்வி. வித்தியாசம் அதிகமாக இருப்பவை வானத்தில் எந்தப் பக்கம்?

கேட்டவர்

இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். மையத்துக்கு நேர் எதிர்த் திசையில் இருப்பவற்றுக்குத்தான் 0.18. பால்வெளித் துருவத்தின் பக்கம், சுமார் 10 கிலோபார்செக் தொலைவில் இருப்பவற்றுக்கு 0.11. புதிய விடை பழையதைவிடக் குறைவு.

பதில் 2

அப்படியானால் மாறியது விண்மீன் இல்லை, சூரியனின் இடம்.

ஆஸ்ட்ரோபையின் கேலக்டோசென்ட்ரிக் சட்டகத்துக்கு (பால்வெளி மையத்திலிருந்து அளக்கும் ஆயத்தொகுதி) நாம் எதுவும் கொடுக்காவிட்டால் அது தன்னுடைய இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொள்ளும். பழைய பதிப்புகளில் சூரியனிலிருந்து மையம் 8.3 கிலோபார்செக், தளத்துக்கு மேல் சூரியனின் உயரம் 27 பார்செக். 4-ஆம் தொடரில் அவை 8.122 கிலோபார்செக், 20.8 பார்செக் என்று மாறின. மையத் தொலைவு, கிராவிட்டி என்ற தொலைநோக்கிக் கருவியின் குழு 2018-இல் வெளியிட்ட அளவீடு. 8.3-இல் 8.122 போனால் 0.178. எதிர்த் திசையில் அந்த வித்தியாசம் முழுதாக வரும். துருவப் பக்கம் செங்கோண முக்கோணத்தின் கர்ணம்போல் கணக்காவதால் 10 கிலோபார்செக்கில் 0.11 தான் வரும். உங்கள் எண்களோடு இது அப்படியே பொருந்துகிறது.

சரிபார்க்க, ஆஸ்ட்ரோபையில் இந்த இயல்பு மதிப்புத் தொகுப்பைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது, 4.0-க்கு முந்தைய தொகுப்பைக் கேட்டு ஒருமுறை ஓட்டுங்கள். விடை ஒத்துவந்தால் அதோடு நிறுத்தாமல், மையத் தொலைவு, சூரியனின் உயரம், சூரியனின் வேகம் மூன்றையும் உங்கள் அமைப்புக் கோப்பில் எண்ணாகவே எழுதி, சட்டகத்தை அழைக்கும்போது கொடுங்கள். கட்டுரையில் வரவேண்டிய எண், நூலகத்தின் இயல்பு மதிப்பாக ஒளிந்து கிடக்கக் கூடாது. அண்டவியல் பக்கமும் இதே கதைதான். ஆஸ்ட்ரோபை 5.0-இல் இயல்பு அண்டவியல் மதிப்புத் தொகுப்பு, பிளாங்க் 15-இலிருந்து பிளாங்க் 18 ஆனது.

கேட்டவர்

பழைய தொகுப்போடு ஓட்டினேன். மையத் தொலைவு அட்டவணை அச்சிட்ட இலக்கம் வரை ஒத்துவருகிறது! எண்களை அமைப்புக் கோப்புக்கு மாற்றியாகிவிட்டது.

இன்னும் இரண்டு கேள்விகள். மற்ற நெடுவரிசைகளில் கடைசி இலக்கங்கள் ஏன் ஆடுகின்றன? இனிமேல் இப்படி ஆகாமல் எப்படிப் பூட்டி வைப்பது? பிப் ஃப்ரீஸ் வெளியீட்டைச் சேமித்தால் போதுமா?

பதில் 3

பிப் ஃப்ரீஸ் இல்லாததற்கு மேல், அவ்வளவுதான். பைதான் எந்தப் பதிப்பு, சி நூலகங்கள் எவை, பொதி எந்த பில்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் இருக்காது. நான் இரண்டு கோப்புகள் வைப்பேன். ஒன்று கையால் எழுதியது, நமக்கு நேரடியாக வேண்டியவை மட்டும், தளர்வான வரம்புகளோடு. மற்றது அதிலிருந்து கருவி எழுதித் தரும் பூட்டுக் கோப்பு. சார்புகளின் சார்புகள் வரை ஒவ்வொன்றுக்கும் துல்லியமான பதிப்பும் ஹேஷும் (கோப்பின் உள்ளடக்கத்தை அடையாளம் காட்டும் எண்) இருக்கும். கொண்டா-லாக், பிக்ஸி, யூவி மூன்றுமே இதைச் செய்யும். வானியலில் பைதான் அல்லாத நிரல்களும் கூடவே வருவதால் எனக்குக் கொண்டா-ஃபோர்ஜ் பக்கம்தான் வசதி. இரண்டு கோப்புகளும் கிட் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். ஆய்வு நடக்கும்போது பூட்டுக் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். பதிப்பு ஏற்ற வேண்டுமானால் அதைத் தனி கமிட்டாகச் செய்து, அட்டவணையை மறுபடி ஒப்பிடுங்கள்.

கட்டுரை அனுப்பும் நாளில் எல்லாவற்றையும் ஒரு கண்டெய்னரில் (நிரலும் அது ஓடும் சூழலும் ஒன்றாக அடங்கிய இமேஜ்) அடைத்துவிடுங்கள். லேட்டஸ்ட் என்ற டேகை நம்பாமல் இமேஜின் ஷா256 எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டேக் நாளைக்கே வேறு இமேஜைக் காட்டலாம். கிளஸ்டரில் டாக்கருக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம், ஆப்டெய்னர் ஓடும். நிரல், பூட்டுக் கோப்பு, இமேஜ் மூன்றையும் செனோடோ என்ற ஆய்வுக் களஞ்சியத்தில் ஏற்றினால் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும், கட்டுரையில் மேற்கோள் காட்டலாம்.

அப்புறம் எந்தப் பட்டியலிலும் வராத ஒரு சார்பு: பூமியின் சுழற்சி. அடிவானக் கோணம், காற்றுத் தடிமன் இவற்றைக் கணக்கிட ஆஸ்ட்ரோபைக்கு யூடி1-யூடிசி (பூமிச் சுழற்சி நேரம், கடிகார நேரம்) வித்தியாசம் வேண்டும். அதற்கு பூமியின் சுழற்சியைக் கண்காணிக்கும் ஐஈஆர்எஸ் அமைப்பின் அட்டவணையை இணையத்திலிருந்து தானாகவே இறக்கிக்கொள்ளும். அண்மைய தேதிகளுக்கு அதில் இருப்பது முன்கணிப்பு. பிறகு அளந்த மதிப்பு வந்து உட்காரும். ஆக, எல்லாப் பதிப்பையும் பூட்டிய பிறகும் இன்றைய ஓட்டமும் அடுத்த ஆண்டு ஓட்டமும் கொஞ்சம் விலகும். 1 மில்லி வினாடி மாறினால் வானத்தில் 15 மில்லி ஆர்க் வினாடி. ஒளி அளப்பவருக்கு அது பொருட்டே இல்லை, ஆனால் கடைசி இலக்கத்தை ஆட்டும். தானியங்கி இறக்கத்தை அணைத்துவிட்டு, அட்டவணைக் கோப்பைத் தரவோடு சேர்த்து வையுங்கள். ஜேபிஎல் கோள்நிலைக் கோப்பு பயன்படுத்தினால் டிஈ எண்ணோடு (அதன் பதிப்பு) அதையும்.

இன்னொரு காரணம் பிளாஸ் என்ற அணிக் கணக்கு நூலகம். ஓபன்பிளாஸ் சிபியுவைப் பார்த்து அதற்கேற்ற கெர்னலைத் தேர்ந்தெடுக்கும்; த்ரெட் எண்ணிக்கை மாறினால் கூட்டும் வரிசை மாறும், மிதவைப் புள்ளிக் கூட்டலில் வரிசை மாறினால் கடைசி பிட் மாறும். ஒப்பிடும் ஓட்டங்களை ஒரே த்ரெட்டில் ஓட்டுங்கள்.

ஃபிட்ஸ் (வானியல் தரவு வடிவம்) கோப்புகளின் ஹேஷை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எழுதிய தேதி ஹெடரில் இருந்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஹேஷ் மாறத்தான் செய்யும். ஆஸ்ட்ரோபையோடு வரும் ஃபிட்ஸ்டிஃப்-இல் தேதியை விட்டுவிட்டு, இவ்வளவு வரை மாறலாம் என்று வரம்பும் கொடுத்து ஒப்பிடலாம்.

பதில் 1

நம்பை 2-க்கு என்றாவது மாறத்தான் போகிறீர்கள். அதற்குள் ஒரு இடத்தை இப்போதே தேடிவையுங்கள்.

ஃபிட்ஸ் அட்டவணையில் 32 பிட் நெடுவரிசையை வரிசை வரிசையாக லூப்பில் எடுத்து, அதோடு பைதானின் சாதாரண மிதவை எண்ணைக் கூட்டும் வரி எங்காவது இருக்கிறதா? நம்பை 1.x-இல் அந்தக் கூட்டல் 64 பிட்டாக உயரும். நம்பை 2-இல் 32 பிட்டாகவே நிற்கும். பிழைச் செய்தியும் வராது. ஜூலியன் நாள் (வானியலின் தொடர் நாள் எண்ணிக்கை) 2460000 அளவில் இருக்கும்போது 32 பிட்டில் அடுத்தடுத்த எண்களுக்கு இடைவெளி 0.25 நாள், அதாவது 6 மணி நேரம். எம்ஜேடி (சுருக்கிய ஜூலியன் நாள்) 60000 என்றாலும் ஐந்தரை நிமிடத்துக்கு மேல். அரை நாளில் ஒரு சுற்று முடிக்கும் விண்மீனுக்கு அலைவுக் காலம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கேட்டவர்

இருக்கிறது. வெளிப்பாடு தொடங்கிய நொடிகள் 32 பிட் நெடுவரிசை. அதை 86400-ஆல் வகுத்து லூப்புக்குள் அந்த இரவின் ஜூலியன் நாளோடு கூட்டுகிறார்கள். நெடுவரிசையைப் படிக்கும் இடத்திலேயே 64 பிட்டாக மாற்றிவிட்டேன். அதற்கு ஒரு சோதனையும் எழுதியிருக்கிறேன்: அடுத்தடுத்த இரண்டு படங்களின் நேரம் ஒன்றாக வந்தால் பைப்லைன் அங்கேயே நிற்கும்.

பிக்ஸியில் பூட்டுக் கோப்பு போட்டு, ஐஈஆர்எஸ் அட்டவணையைத் தரவு அடைவில் வைத்து, கிளஸ்டரிலும் என் மடிக்கணினியிலும் ஓட்டினேன். ஃபிட்ஸ்டிஃப் வரம்புக்குள் வித்தியாசம் எதுவும் காட்டவில்லை. நெறியாளருக்கு அட்டவணையை அனுப்பியாகிவிட்டது. கிராவிட்டி மதிப்போடு பழைய விண்மீன்களுக்கும் ஒரு நெடுவரிசை சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன்.

பதில் 2

சேருங்கள். எந்த நெடுவரிசைக்கு எந்த மையத் தொலைவு என்று அட்டவணையின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.