டேம்பர் வாங்கும் முன் பாஸ்கட்டை அளந்தீர்களா? மலையகக் கோப்பிக்காரர்களின் அனுபவங்கள்

எல்லயிலிருந்து:

இங்கே ஒரு கபேயில் எஸ்பிரஸோ மெஷின் பக்கம் நிற்பவன் நான். பாஸ்கட் என்கிற துளையுள்ள கிண்ணத்தில் போட்ட கோப்பித் தூளை அமுக்கும் கருவிதான் டேம்பர். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு பலமாக அமுக்குவது?" 30 இறாத்தல், அதாவது 13 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் என்று ஒரு கணக்கு ரொம்பக் காலமாகச் சுற்றுகிறது. கடைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன் அதைக் கேட்டுவிட்டு உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அமுக்குவான். அப்படியும் கோப்பி ஒரு பக்கமாகப் பீறிக்கொண்டு ஓடிவரும். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் கோப்பி, 25 முதல் 30 செக்கனுக்குள் இறங்குவதுதான் எங்கள் கணக்கு. அவன் போட்டால் அதில் பாதி நேரத்திலேயே இறங்கிவிடும். புளிப்பென்றால் அப்படியொரு புளிப்பு. கிரைண்டர் சரியில்லை என்று சாதித்தான்.

பக்கவாட்டில் நின்று பார்த்தேன். ஆளோ குள்ளம், எங்கள் மேசையோ உயரம். கை சாய்ந்து, டேம்பரும் சாய்ந்துதான் இறங்குகிறது. தூள் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. மெஷின் 9 பார் அழுத்தத்தில் தள்ளும் தண்ணீர் மெல்லிய பக்கத்தைத்தானே தேடிப் போகும்? காலுக்கடியில் ஒரு பலகை போட்டுக் கொடுத்தேன். முழங்கை டேம்பருக்கு நேர் மேலே வந்தது, மணிக்கட்டும் நிமிர்ந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் பாஸ்கட் விளிம்பைத் தொட்டபடி இருக்கட்டும் என்றேன். சாய்ந்தால் விரலுக்கே தெரிந்துவிடும். கிரைண்டரைத் தொடவே இல்லை, ஷொட் (ஒரு தடவை இறக்கும் கோப்பி) சரியாக வந்தது. தூள் ஓரளவு இறுகியபின் எவ்வளவு பலம் போட்டாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. மணிக்கட்டு வலிதான் மிச்சம்.

ஹட்டனிலிருந்து:

அண்ணே, சாய்வு போக அளவும் ஒரு தொல்லை. கடை மெஷின்களில் பெரும்பாலும் 58 மில்லிமீற்றர் என்பார்கள். அதை நம்பி வாங்கிய டேம்பரால் அமுக்கினால், ஓரமெல்லாம் வளையமாகத் தூள் இறுகாமல் நிற்கும். தண்ணீர் அந்த ஓரத்தால் நழுவிவிடும்.

எங்கள் மாமா தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாஸ்கட்டை வாங்கி வேர்னியர் அளவுகோலை உள்ளே விட்டார். வாய்ப்பக்கத்தில் ஓர் அளவு, ஆழத்தில் வேறு அளவு. கீழே போகப் போகக் கொஞ்சம் ஒடுங்குகிறது. "எந்த இடத்துல இது உட்காரணும்?" என்று கேட்டார் பாருங்கள், டேம்பர் விற்ற கடையில் யாரும் கேட்காத கேள்வி. அமுக்கிய தூள் நிற்கும் மட்டத்தில் 58.6 வந்தது. தெரிந்தவர் பட்டறையில் லேத்தில் போட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 58.4 அளவுக்குக் கடைந்தார். இன்னும் நெருக்கிப் போகலாமே என்றேன். வேண்டாம் என்றார். காற்றுப் போக வழி இல்லாவிட்டால் தூக்கும்போது தூளையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு வருமாம்.

எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது விளிம்பில்தான். கூர் விளிம்பைக் கண்டால் ஃபிட்டர் கை சும்மா இருக்காது, அரத்தை எடுத்துவிடும். விளிம்பை மழுக்கினால் ஓரத்தில் மறுபடி அதே வளையம். பிசிறை மட்டும் எடுத்து, அடியைத் தட்டையாகவே விடச் சொன்னேன். முறைத்துக்கொண்டே செய்து கொடுத்தார். கைப்பிடி, தோட்டத்தில் பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைக் கட்டை. மழை மாதங்களில் ஈரம் குடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வைக்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து:

இங்கே 1,868 மீற்றர் உயரம், தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதனால் இன்னும் இறுக்கி அமுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

எல்லயிலிருந்து:

கொதிப்பது உண்மை, மிச்சம் கதை. அந்தக் கணக்குத் திறந்த கேத்தலுக்கு. மெஷினுக்குள் தண்ணீர் அடைபட்டு அழுத்தத்தில் இருப்பதால், உயரத்துக்காக அமுக்கும் முறையை மாற்றத் தேவையில்லை. உங்கள் ஊர்ப் பனிமூட்டம்தான் வேறு விஷயம். தூள் ஈரக்காற்றைப் பிடித்துக் கட்டிகட்டியாகும். அமுக்கும் முன் மெல்லிய ஊசியால் பாஸ்கட்டின் அடிவரை கிளறி, கட்டியை உடைத்துச் சமப்படுத்துங்கள். அது இல்லாமல் எந்த டேம்பரும் உதவாது.

பண்டாரவளையிலிருந்து:

தம்பிமாரே, வீட்டு மெஷின்காரி ஒருத்தியும் இருக்கிறேன்! என்னுடையது 51 மில்லிமீற்றர். கூடவே வந்த பிளாஸ்டிக் டேம்பர் பாஸ்கட்டுக்குள் ஆடும். ஆனால் முதலில் மாற்ற வேண்டியது அதையல்ல. இந்தச் சின்ன மெஷின்களோடு வருவது பெரும்பாலும் இரட்டை அடி உள்ள பாஸ்கட். கடைசியில் ஒரே ஒரு ஊசித்துளை. அழுத்தத்தை அந்தத் துளையே உண்டாக்கிவிடுவதால் நீங்கள் எப்படி அமுக்கினாலும் ஏறக்குறைய ஒரே கோப்பிதான். காசு கையில் இருந்தால் முதலில் நல்ல கிரைண்டர், அப்புறம் ஒற்றை அடி பாஸ்கட், அதற்கும் பிறகுதான் டேம்பர்.

நான் ஸ்பிரிங் வைத்ததை வாங்கினேன். அதன் வளையம் பாஸ்கட் விளிம்பில் உட்காருவதால் சாயாது, பலமும் ஒரே அளவு. அம்மாவும் இதில்தான் கோப்பி போடுகிறார். கொழுந்து பறித்தே தேய்ந்த மணிக்கட்டு அவருக்கு; சாதாரண டேம்பரை நிமிர்த்திப் பிடிக்க முடியவில்லை. போட்டிக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

ஒரு சந்தேகம். கோப்பி இறங்கியபின் பாஸ்கட் இருக்கும் கைப்பிடியை மெஷினிலிருந்து கழற்றினால், ஈரத் தூள் மேலே மெஷின் சல்லடையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அமுக்குவது போதவில்லையா?

எல்லயிலிருந்து:

அக்கா, அது அனேகமாகத் தூள் கூடிப்போனதால். அமுக்கிய தூளின் மேல் நன்றாகக் கழுவித் துடைத்த ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்றை வைத்து, கைப்பிடியை மெஷினில் மாட்டி, தண்ணீர் விடாமல் திரும்பக் கழற்றிப் பாருங்கள். குத்தி தூளுக்குள் பதிந்திருந்தால் இடம் போதாது. ஒவ்வொரு கிராமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். குத்தியை எடுக்க மறந்து பட்டனை அமுக்கிவிடாதீர்கள்.