'ஸ்டாஃப்ஸ்' என்று எழுதலாமா? சுற்றறிக்கை இன்று மாலைக்குள் போக வேண்டும்

கல்லூரி அலுவலகம் (கேள்வி)

வணக்கம். ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள் எல்லாருக்கும் போகவேண்டிய ஆங்கிலச் சுற்றறிக்கை. நாலே வரி:

"ஆல் ஸ்டாஃப்ஸ் ஆர் ரிக்வெஸ்டட் டு அட்டெண்ட் தி மீட்டிங். ஈச் ஸ்டாஃப் ஷுட் சைன் தி ரெஜிஸ்டர். எனி ஸ்டாஃப் ஹூ இஸ் ஆன் லீவ் ஷுட் இன்ஃபார்ம் தி ஆஃபீஸ். ட்வெல்வ் நியூ ஸ்டாஃப்ஸ் வில் பி இன்ட்ரட்யூஸ்ட்."

வேர்டில் ஒரு சிவப்புக் கோடுகூட வரவில்லை. முதல்வர் 'ஸ்டாஃப்ஸ்' வந்த இடங்களை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கடைசி 'எஸ்'ஸை மட்டும் எடுத்துவிட்டால் போதுமா?

மெய்ப்புத் திருத்துபவர்

போதாது. முதல் வரி சரியாகிவிடும், நாலாவது பாதி சரியாகும். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே தப்பாக நிற்கும், ஏனென்றால் அங்கே 'எஸ்' இல்லாமலேயே பிழை இருக்கிறது.

'ஸ்டாஃப்' என்பது ஓர் ஆளைக் குறிக்கும் சொல் இல்லை. ஓரிடத்தில் வேலை செய்யும் அத்தனை பேரையும் சேர்த்துக் குறிக்கும் சொல். தமிழில் 'படை' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஒரு படை' என்றால் ஒரு சிப்பாய் ஆகாது. 'பன்னிரண்டு படைகள்' என்றால் பன்னிரண்டு சிப்பாய்கள் ஆகாது. 'ஈச் ஸ்டாஃப்' என்று எழுதும்போது 'ஒவ்வொரு படையும் கையெழுத்திடுக' என்றுதான் ஆகிறது. ஆளைப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் 'மெம்பர்' வேண்டும்: 'ஸ்டாஃப் மெம்பர்' அல்லது 'மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்'. பின்னது பிரிட்டிஷ் வழக்கு, முன்னது எங்கும் செல்லும்.

வரி வரியாக:

முதல் வரி: "ஆல் ஸ்டாஃப் ஆர் ரிக்வெஸ்டட்…"
இரண்டாவது: "ஈச் ஸ்டாஃப் மெம்பர் ஷுட் சைன்…"
மூன்றாவது: "எனி ஸ்டாஃப் மெம்பர் ஹூ இஸ் ஆன் லீவ்…"
நாலாவது: "ட்வெல்வ் நியூ ஸ்டாஃப் மெம்பர்ஸ்…"

நாலாவதில் 'ட்வெல்வ் நியூ ஸ்டாஃப்' என்று விட்டாலும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஏற்பார்கள். அமெரிக்க ஆங்கிலம் படித்தவர் கண்ணில் உறுத்தும். 'மெம்பர்ஸ்' போட்டால் இரண்டு பக்கமும் வாதமில்லை.

சிவப்புக் கோடு வராததற்குக் காரணம், 'ஸ்டாஃப்ஸ்' உண்மையிலேயே அகராதியில் உள்ள சொல். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் பணியாளர் குழுக்களைச் சொல்லும்போது 'தி ஸ்டாஃப்ஸ் ஆஃப் தி டூ காலேஜஸ்' சரி. வினைச்சொல்லாகவும் வரும்: 'ஷி ஸ்டாஃப்ஸ் தி ஹெல்ப் டெஸ்க்' என்றால் உதவி மேசையில் அவர் பணியில் இருக்கிறார் என்று பொருள். எழுத்துப்பிழை பார்க்கும் கருவிக்குச் சொல் இருக்கிறதா என்பதுதான் தெரியும், இடம் பொருந்துகிறதா என்பது தெரியாது.

கல்லூரி அலுவலகம்

மிக்க நன்றி சார். 'ஆல் ஸ்டாஃப் ஆர்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'தி ஸ்டாஃப்' என்று வந்தால் 'இஸ்'ஸா 'ஆர்'ரா? இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மெய்ப்புத் திருத்துபவர்

அமெரிக்காவில் பெரும்பாலும் 'இஸ்'. பிரிட்டனில் இரண்டும் உண்டு. தனித்தனி ஆட்களாக நினைக்கும்போது 'ஆர்' இயல்பாக வரும். நம் அலுவலக ஆங்கிலம் பிரிட்டிஷ் வழி வந்தது என்பதால் 'ஆர்' எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் 'ஆல்' முன்னால் வந்துவிட்டால் 'ஆர்' மட்டுமே.

உண்மையான பிழை வேறிடத்தில் நடக்கிறது: ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பது. "தி ஸ்டாஃப் ஹாஸ் சப்மிட்டட் தெயர் ஃபார்ம்ஸ்" என்பதில் 'ஹாஸ்' ஒருமை, 'தெயர்' பன்மை. படிவத்தை ஆளாளுக்குத்தான் கொடுப்பார்கள், ஆகவே 'ஹாவ்… தெயர்' என்று முழுக்கப் பன்மையில் போய்விடுங்கள்.

இன்னொரு பொறி: 'மெம்பர்' நுழைந்ததும் வினைச்சொல் அதைத்தான் பார்க்கும், பக்கத்தில் நிற்கும் 'ஸ்டாஃப்'பை அல்ல. 'எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப் இஸ்', 'மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப் ஆர்'.

மருத்துவமனைப் பதிவேடு எழுதுபவர்

மருத்துவமனையில் எழுதுபவர்களுக்கும் ஒன்று சேர்க்கிறேன். வார்டில் செவிலியரை 'ஸ்டாஃப்' என்றே கூப்பிடுகிறோம், பேச்சில் அது மரியாதையான விளி, இருக்கட்டும். பதிவேட்டில் மட்டும் வேண்டாம். "இன்ஃபார்ம்ட் ஸ்டாஃப்" என்று எழுதினால் செவிலியரிடம் சொன்னதா, வார்டு உதவியாளரிடமா, லேப் டெக்னீஷியனிடமா என்று பிறகு படிப்பவருக்குத் தெரியாது. 'ஸ்டாஃப் நர்ஸ் ஆன் டியூட்டி' என்று பதவியை முழுசாக எழுதி நேரத்தையும் போடுங்கள். பன்மை 'ஸ்டாஃப் நர்ஸஸ்', 'எஸ்' நர்ஸுக்குத்தான்.

'யூ' போட்டு எழுதும் 'ஸ்டஃப்' வேறு சொல், பொருள் 'சாமான்'. ஓரெழுத்துதான் வித்தியாசம், அதற்கும் சிவப்புக் கோடு வராது.

ராணுவ மொழிபெயர்ப்பாளர்

'எஸ்' எங்கே போகும் என்ற கேள்விக்கு ராணுவப் பதவிப் பெயர்கள் நல்ல உதாரணம். 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' பன்மையில் 'சீஃப்ஸ் ஆஃப் ஸ்டாஃப்'. முப்படைத் தளபதிகள் கூடும் குழுவின் பெயரும் 'சீஃப்ஸ் ஆஃப் ஸ்டாஃப் கமிட்டி'தான். அங்கே 'ஸ்டாஃப்' என்பது திட்டமிடும் அதிகாரிகளின் அமைப்பு. நீலகிரி வெலிங்டனில் உள்ள 'டிஃபென்ஸ் சர்வீசஸ் ஸ்டாஃப் காலேஜ்' அப்படிப்பட்ட அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரி. அதைப் 'பணியாளர் கல்லூரி' என்று தமிழில் எழுதினால் அலுவலக ஊழியர்களுக்கானது என்ற தவறான எண்ணம் வந்துவிடும்.

'ஸ்டாஃப்' என்ற சொல்லின் ஆதிப் பொருள் 'தடி, கோல்'. நமக்குச் செங்கோல் அதிகாரத்தின் அடையாளம் ஆனதுபோல அங்கும் கோல் அதிகாரத்தின் சின்னம். 'ஹி இஸ் எ ஸ்டாஃப்' என்பதை ஆங்கிலேயர் படித்தால் தடிதான் முதலில் நினைவுக்கு வரும். தடிப் பொருளில் பன்மை உண்டு, 'ஸ்டாஃப்ஸ்' என்றும் 'ஸ்டேவ்ஸ்' என்றும்.

புதியவர்

அறைக் கதவில் 'ஸ்டாஃப்ஸ் ரூம்' என்று இருக்கிறது. 'எஸ்'ஸுக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி குறி போட்டால் சரியாகிவிடுமா?

மெய்ப்புத் திருத்துபவர்

குறியும் வேண்டாம், 'எஸ்'ஸும் வேண்டாம். 'ஸ்டாஃப் ரூம்'. எந்த வகை அறை என்று சொல்லும் இடம் அது, 'ஸ்டாஃப் செலெக்ஷன் கமிஷன்' போல. உடைமைப் பொருள் வரும் இடத்தில் மட்டும் குறி: 'தி ஸ்டாஃப்'ஸ் டிமாண்ட்ஸ்', குறி 'எஸ்'ஸுக்கு முன்னால்.

பழைய சுற்றறிக்கைகளைத் திருத்த நினைப்பவர்கள் வேர்டில் கண்ட்ரோல் எச் அழுத்தி, 'மோர்' திறந்து, 'ஃபைண்ட் ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி'யை டிக் செய்து 'ஸ்டாஃப்ஸ்' தேடுங்கள். 'ரிப்ளேஸ் ஆல்' வேண்டவே வேண்டாம், சரியாக இருக்கும் இடமும் கெடும். 'ஃபைண்ட் நெக்ஸ்ட்' கொடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடுத்து 'எஸ்' இல்லாத 'ஸ்டாஃப்'பைத் தேடி, அதற்கு முன்னால் 'எ', 'ஈச்', 'எவ்ரி', 'ஒன்', 'அனதர்' இருக்கிறதா பாருங்கள். இருந்து, ஓர் ஆளைக் குறிப்பதாகவும் இருந்தால், பின்னால் 'மெம்பர்' சேருங்கள். 'எ ஸ்டாஃப் ஆஃப் ஃபார்ட்டி' சரியானது, அதைத் தொட வேண்டாம். கடைசியாக 'ஸ்டஃப்' ஒரு தடவை தேடிவிடுங்கள். 'எ ஃபேகல்டி' என்று ஓர் ஆசிரியரை எழுதுவதற்கும் இதே மருந்துதான்: 'எ ஃபேகல்டி மெம்பர்'.

கல்லூரி அலுவலகம்

திருத்திவிட்டேன். அனுப்பலாமா?

"ஆல் ஸ்டாஃப் ஆர் ரிக்வெஸ்டட் டு அட்டெண்ட் தி மீட்டிங். ஈச் ஸ்டாஃப் மெம்பர் ஷுட் சைன் தி ரெஜிஸ்டர். எனி மெம்பர் ஆஃப் ஸ்டாஃப் ஹூ ஆர் ஆன் லீவ் ஷுட் இன்ஃபார்ம் தி ஆஃபீஸ். ட்வெல்வ் நியூ ஸ்டாஃப் மெம்பர்ஸ் வில் பி இன்ட்ரட்யூஸ்ட்."

மருத்துவமனைப் பதிவேடு எழுதுபவர்

மூன்றாவது வரியில் 'மெம்பர்' ஒருவர்தான். 'ஆர்' எடுத்துவிட்டு 'இஸ்' போட்டு அனுப்புங்கள்.