பொன்னியின் செல்வன் முடித்தாயிற்று, அடுத்து எதை எடுப்பது?

தாம்பரம்_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு பத்து வருஷமாக ஒரு நாவல்கூட முழுசாகப் படித்ததில்லை. போன மழைக்காலத்தில் அம்மாவின் பீரோவில் இருந்த பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை எடுத்தேன், ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டேன். தாம்பரம் எழும்பூர் ரயிலில் போக வர, ராத்திரி படுக்கும் முன் என்று ஐந்து பாகத்தையும் இரண்டரை மாதத்தில் முடித்துவிட்டேன். முடித்த இரண்டு நாள் வீட்டில் யாரோ ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

அந்த வேகத்தில் ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய், பலரும் நல்ல நாவல் என்று சொன்னதையெல்லாம் வாங்கி வந்தேன். விஷ்ணுபுரம், ஒரு புளியமரத்தின் கதை, தண்ணீர், வெக்கை, கோபல்ல கிராமம், புயலிலே ஒரு தோணி. இப்போது ஆறிலும் முப்பதாவது பக்கத்துக்குள் ஒரு ரயில் டிக்கெட் செருகி இருக்கிறது. எதுவும் மோசமாக இல்லை, ஆனால் எடுத்தால் கீழே வைக்க முடியாது என்கிற அந்த இழுப்பு எதிலும் வரவில்லை. பேசாமல் சிவகாமியின் சபதத்துக்குப் போய்விடலாமா? இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இவற்றில் ஒன்றை முடிக்க வேண்டுமா? தீவிர இலக்கியம் எனக்கு ஒத்துவராதோ என்கிற பயமும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சோழநாட்டான்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சகோ, சிவகாமியின் சபதம்தான். கல்கியின் எழுத்து 1999இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன, மலிவுப் பதிப்பும் கிடைக்கும், மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவும் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பொன்னியின் செல்வனில் இருக்கும் கலகலப்பு இதில் குறைவு. சிவகாமியின் கடைசிப் பக்கங்கள் மனசை அழுத்தும், நான் படித்து இருபது வருஷம் ஆகியும் மறக்கவில்லை.

கரிசல்காரன்:

சோழநாட்டான் அண்ணாச்சி சொன்னதற்கு நான் மாறுபடுகிறேன். சிவகாமி நல்ல நாவல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உடனே வேண்டாம். பெரிய விருந்து சாப்பிட்ட கையோடு அதே இலையில் இன்னொரு விருந்தா? பார்க்கிற இடமெல்லாம் வந்தியத்தேவனைத் தேடுவீர்கள், அவன் இருக்க மாட்டான்.

உங்களுக்கு இலக்கியம் ஒத்துவராது என்பதெல்லாம் இல்லை தங்கச்சி. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதை. அடுத்த வாரமும் வாசகர் இதழை வாங்க வேண்டும், அதனால் அத்தியாயம் முடிகிற இடத்தில் ஒரு கதவு தட்டப்படும், இருட்டில் ஓர் உருவம் நகரும், யாராவது ஒரு ரகசியத்தைப் பாதி சொல்லி நிறுத்துவார்கள். இரண்டரை மாதம் அதையே படித்த கண்ணும் மனசும் அந்தத் தாளத்துக்குப் பழகிவிட்டது. அடுத்து தண்ணீர் எடுத்தால் அசோகமித்திரன் கதவைத் தட்டவே மாட்டார், கதவு பாட்டுக்குத் திறந்து கிடக்கும், நாமாகத்தான் உள்ளே போக வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

அதனால் உங்கள் ஆறில் நான் முதலில் கையில் கொடுப்பது வெக்கை. 1982இல் வந்தது, எங்கள் பக்கத்துப் பூமணி எழுதியது, அசுரன் படத்துக்கு மூலம் இதுதான். படம் பார்த்தாச்சே என்று ஒதுக்காதீர்கள், நாவல் வேறு ஆள். எட்டு நாளில் நடக்கிற கதை. பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம், ஆளின் கையை மட்டும் வெட்டத்தான் நினைத்துப் போனான், ஆள் செத்துப்போகிறான், அப்புறம் அய்யாவும் மகனும் மலை, கரடு, கண்மாய் என்று ஒளிந்து திரிகிறார்கள். ஓட்டம் முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடுவதால் உங்கள் பழைய தாளம் அறுபடாது. ஆனால் படிக்கப் படிக்கத்தான் தெரியும், பூமணிக்கு ஓட்டம் பெரிசில்லை. பொழுது சாய்ந்து ஓரிடத்தில் அடுப்புக் கூட்டிச் சோறு பொங்கும்போது அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள் பாருங்கள், தகப்பனும் மகனும் இப்படிப் பேசி நான் வேறு எங்கும் படித்ததில்லை. எங்கள் வீட்டில் அய்யா என்னிடம் அப்படி ஒரு நாளும் பேசியதில்லை, அதனாலேயே அந்தப் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

வட்டார வழக்கு முதல் பத்துப் பக்கம் இடறும். வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் புரிந்துவிடும். வெக்கை முடிந்தால் கோபல்ல கிராமம் தானாகவே திறக்கும், இரண்டும் ஒரே மண். விஷ்ணுபுரத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், அது அவசரத்துக்கு ஆகாது.

கிளைநூலகர் (ஓய்வு):

இருபத்தெட்டு வருஷம் கிளை நூலகங்களில் வேலை பார்த்தவன் என்பதால் ஒரு விஷயம் சொல்கிறேன் அம்மா. எங்கள் அலமாரியில் பொன்னியின் செல்வன் முதல் பாகம் எப்போதும் அட்டை பிய்ந்து, இரண்டு தடவை பைண்டிங் போட்டதாக இருக்கும். ஐந்தாம் பாகம் அவ்வளவு அழுக்கு ஆகியிருக்காது. ஆக, ஐந்தாவது பாகம் வரை போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், நீங்கள் அதில் ஒருவர். படிக்கிற பொறுமை உங்களிடம் இருக்கிறது, அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வேலையில் சேர்ந்த புதிதில் இதைப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. பிற்பாடு கவுண்டரில் உட்கார்ந்து ஆட்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டு வருகிறவரிடம் நான் புத்தகப் பெயர் சொல்வதில்லை, போன புத்தகத்தில் எந்த இடம் மனசில் நிற்கிறது என்று கேட்பேன். ஒருவர் நந்தினி என்பார், ஒருவர் பூங்குழலி படகு விடுவது என்பார், ஒருவர் கொலை யார் செய்தது என்கிற முடிச்சு என்பார். மூன்று பேருக்கும் மூன்று வேறு புத்தகம். நந்தினி என்றவருக்கு ஜானகிராமனின் அம்மா வந்தாள் கொடுத்தேன், படித்துவிட்டு வந்து அரைமணி நேரம் சண்டை போட்டார், அடுத்த வாரமே மோகமுள் கேட்டார்.

நீங்களும் சொல்லுங்கள், எந்த இடம்?

இன்னொன்று, முதல் பக்கத்திலிருந்து தொடங்கித்தான் தீர வேண்டும் என்றில்லை. நடுவில் திறந்து இரண்டு பக்கம் படியுங்கள். அந்தக் குரல் பிடித்தால் முதலுக்கு வாருங்கள், இல்லையென்றால் அலமாரியில் வைத்துவிடுங்கள். அது உங்களுக்காகக் காத்திருக்கும்.

ஈப்போ_செல்வி:

புயலிலே ஒரு தோணியை மட்டும் தயவுசெய்து பாதியில் விட்டு வெறுத்துவிடாதீர்கள் அக்கா. ஜப்பான் படை மெடான் நகரத்துக்குள் வருகிற தொடக்கத்திலேயே நானும் இரண்டு முறை நின்றுபோனவள். மலாய்ச் சொல், வட்டிக்கடைப் பேச்சு, திடீரென்று பழந்தமிழ் வரிகள், எல்லாம் ஒன்றாக வந்து மோதும். ப. சிங்காரம் எழுதியதே இரண்டு நாவல்தான். முதலில் கடலுக்கு அப்பால் படியுங்கள். அதே போர்க்காலம், அதே பினாங்கு, ஆனால் நேரான கதை, ஒரு காதலும் இருக்கிறது. அந்தத் தெருக்கள் பழகிய பிறகு தோணியில் ஏறினால் பாண்டியன் உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். என் தாத்தா பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதினவர், அந்தக் காலத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவர் சொல்லாததை நான் அங்கேதான் படித்தேன்.

தாம்பரம்_வாசகி:

நான்கு பேருக்கும் நன்றி. ஐயா, எனக்கு மனசில் நிற்பது பூங்குழலி. அவள் கடலில் தனியாகப் படகு விடுவது, அழுதாலும் யாரையும் கூப்பிடாமல் அழுவது. அண்ணன் சொன்ன மாதிரி வெக்கையை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கிவிட்டேன், மூன்றாம் நாளில் இருக்கிறேன், இந்தத் தடவை டிக்கெட் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

நடுவில் ஒன்று நடந்தது. மேசையில் கிடந்த தண்ணீரை அம்மா சும்மா எடுத்துப் பார்த்தார். அம்மா வார இதழ் தவிர எதுவும் படித்து நான் சமீபத்தில் பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை நகர்த்தியபடி மத்தியானம் முழுக்கப் படித்தார். அடுப்பில் வைத்த பாலைக்கூட நான்தான் இறக்கினேன். சாயங்காலம் கேட்டால், நான் பிறப்பதற்கு முன்னால் எங்கள் தெரு அடிபம்பில் விடிகாலை மூன்று மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் இருந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஜமுனாவைப் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி பேசுகிறார், அவள் தங்கை சாயா மேல் கோபம் வேறு.

நேற்று ராத்திரி முடித்துவிட்டார். இன்று காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது, "இதே மாதிரி வேற இருக்கா?" என்று கேட்டார். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், ரொம்பத் தடிமன் கூடாது. அம்மாவுக்கு அடுத்து என்ன கொடுக்கலாம்?