பேரிடர் மீட்புக்கான பேக்கப்புகளை எத்தனை காலம் வைத்திருப்பது?

கோவையில் உள்ள எங்கள் நூற்பாலையின் டேலி பிரைம் கணக்குத் தரவுகளை இரவுதோறும் சினாலஜி நாஸிலும் (நெட்வொர்க்கில் இணைக்கப்பட்ட சேமிப்புக் கருவி), வாரந்தோறும் வெளியிடத்தில் வைக்கும் ஹார்ட் டிஸ்கிலும் பேக்கப் எடுத்து வருகிறோம். கடந்த மார்ச் முதல் நாஸில் இடம் போதாமல் இரவு பேக்கப் பாதியில் நின்றுவிடுகிறது. சுருக்கிச் சேமிப்பதும், மாறியவற்றை மட்டும் எடுப்பதும் போதவில்லை. 30 நாட்களுக்கு முந்தையவற்றை அழித்தால் இடம் கிடைக்கும். ஆனால் தரவுகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பல வாரங்கள் மறைந்திருந்து தாக்கக்கூடியது என்பதால், எஞ்சும் பிரதிகள் அனைத்துமே பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதுதான் என் பெருங்கவலை. கம்பெனிகள் சட்டம், 2013 கணக்கேடுகளை 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. எனினும் அது ஆவணக் காப்பு, மீட்புக்கான பேக்கப் வேறு என்றே கருதுகிறேன். மீட்புக்கென மட்டும் தினசரி, வார, மாதப் பிரதிகளை நீங்கள் ஒவ்வொன்றையும் எத்தனை காலம் வைத்திருக்கிறீர்கள்?