பல நாள் முன்னதாகவே கடும் இடிமழையைக் கணிக்க முடியுமா?

பந்தல் பொறுப்பாளர், சுங்கை சிப்புட்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா சித்திரையில் வருகிறது. அமெரிக்காவில் நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம், கடும் இடிமழையும் டொர்னேடோ எனும் சுழல்காற்றும் வரக்கூடிய பகுதிகளை எட்டு நாள் வரை முன்னதாக வரைபடத்தில் காட்டுகிறது. நமது மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ஏழு நாள் முன்னறிவிப்போ, இப்பருவத்தில் ஏறக்குறைய எல்லாப் பிற்பகலுக்கும் இடிமழை என்றே சொல்கிறது. சனிக்கிழமைப் பந்தலைப் பற்றித் திங்களன்றே முடிவெடுக்க வழி உண்டா?

மேகம் பார்ப்பவள், ஈப்போ:
ஐயா, அந்த மையம் பல நாள் முன்பே கணிப்பது புயலை அல்ல. புயல் பிறப்பதற்கேற்ற சூழலையே. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று கீழே பரவி, வறண்ட காற்று மேலே படர்ந்து, உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறினால், இடிமேகம் சுழலத் தொடங்கி நெடுநேரம் நிலைக்கிறது. இவற்றை ஒன்றுசேர்க்கும் மேல்வளிமண்டல அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுடையது என்பதால், கணினி மாதிரிகள் அதை முன்பே கண்டுகொள்கின்றன. 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவைச் சிதைத்த டொர்னேடோக்களுக்கான சூழலும் பல நாள் முன்னரே சுட்டிக்காட்டப்பட்டது. எந்த ஊர் அடிபடும் என்பது அன்றைய ரேடாரில்தான் தெரிந்தது. நான்காம் நாள் முதல் அம்மையம் 15, 30 விழுக்காடு என்ற எல்லைகளையே வரைகிறது. அதுவும் ஓரிடத்தைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள் கடும் புயல் நிகழும் வாய்ப்பு மட்டுமே.

நம் நாட்டில் ஈரமும் வெப்பமும் அன்றாடம் உண்டு. உயரத்துக்கேற்ப மாறும் பலத்த காற்றுதான் அரிது. ஆகவே ஒரு நாளை மற்றொரு நாளிலிருந்து பிரித்துக்காட்ட மாதிரிகளுக்குப் பிடிமானம் குறைவு.

ஓய்வுபெற்ற கிராணி, தெலுக் இந்தான்:
தங்கையின் விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிற்பகல் இடிமழையைவிடப் பந்தலுக்கு ஆபத்தானது, மலாக்கா நீரிணையைக் கடந்து விடியலுக்கு முன் வரும் சுமத்திராச் சூறைக்காற்று. ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்கள் தங்கள் மர நிரையில் பாதியைக்கூட முடித்திருக்க மாட்டார்கள். மேற்கே கறுப்புக் கோடு எழும், காற்று திடீரெனக் குளிரும், அடுத்து வரும் மழையில் பால் ஏந்தும் மங்குகளில் பாலும் நீரும் கலந்து வழியும். அது நீண்ட வரிசையாக நகர்ந்து வருவதால், கரையை அடைவதற்குச் சில மணி நேரம் முன்பே ரேடார் படத்தில் தென்படும்.

பந்தல் பொறுப்பாளர்:
மிக்க நன்றி. அவ்வாறெனில், திங்களன்று நான் எதைத்தான் முடிவு செய்வது?

மேகம் பார்ப்பவள்:
எந்த நாள் என்பதை அல்ல, எந்த நேரம் என்பதை முடிவு செய்யுங்கள். ஊர்வலத்தை முற்பகலுக்கு வைத்து, விடியலில் ரேடாரைப் பார்த்த பின்னரே கூரைத்துணியை விரியுங்கள். இடிமழை எச்சரிக்கை ஒவ்வொன்றும் ஆறு மணி நேரத்துக்கு மேற்படாதது. அது வந்தவுடன் மக்களை இரும்புக் கம்பிப் பந்தலின் கீழ் நிற்கவிடாமல் தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்குள் அனுப்ப, சாவி வைத்திருப்பவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.